பதிவேட்டில் உயிரோடிருப்பவர்

அறுபத்து மூன்று என்று அச்சடித்திருந்த டோக்கனைத் தமயந்தி நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி நான்காக மடித்தாள். சுவரில் சிவப்பு எண் முப்பத்தெட்டில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. பத்து நிமிடமாக அந்த முப்பத்தெட்டாம் ஆசாமி உள்ளே என்னதான் செய்கிறாரோ, இரத்தம் கொடுக்க வந்தவரா, வம்சாவளி சொல்ல வந்தவரா. தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களில் நாலு கட்டடத்துக்கு மூன்று மருத்துவமனை, மிச்சம் ஒன்று மருந்துக் கடை. அத்தனைக்கும் இரத்தமும் சளியும் சதையும் பார்த்துச் சொல்கிற இந்தப் பரிசோதனை நிலையத்துக் கூடத்தில் ஏசி பல் கிட்டுகிற அளவுக்கு ஓடியது. எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட தரச்சான்றிதழ் இடப்பக்கமாக ஒரு விரல் சாய்ந்திருந்தது. எழுந்து போய் அதை நேராக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கழற்றித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுமே கூடாது. சண்டை போடாதே என்று காலையில் சூசன்னா டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "சண்டை போட்டேன்னு வையி, பிளாக் தொலைஞ்சுபோச்சும்பான். நீ கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சு வர்றதுக்குள்ள உன் மார்ல இருக்கறது அது பாட்டுக்கு அது வேலையப் பாத்துக்கிட்டிருக்கும். இனிக்க இனிக்கப் பேசி வாங்கிட்டு வா. அப்புறம் வந்து நல்லா சண்டை போடு, நானும் கூட வர்றேன்." இனிக்க இனிக்க. அறுபத்தொரு வயதில், வாழ்நாளில் ஒரு கண்டக்டரிடம்கூட இனிக்கப் பேசியிராதவளுக்கு இந்த வேலை. இடது மார்பில், அக்குளை ஒட்டி, ஆவணி மாதம் சுண்டைக்காயாக இருந்தது இப்போது அரைநெல்லி. அல்லது சுண்டைக்காயாகவே இருந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் விரல்தான் பெரிதாக்கிக் கொள்கிறதோ. இப்போதும் கை தானாக அந்தப் பக்கம் போனது. கைப்பையை இழுத்து வைத்துக்கொள்வதுபோல் பாவனை செய்து, முழங்கையால் ஒரு தடவை அழுத்தினாள். இருக்கிறது. எங்கே போய்விடும். அதிலிருந்து ஊசி போட்டு எடுத்த நூல் போன்ற மூன்று துணுக்குச் சதை, மெழுகில் புதைத்துச் சின்னப் பிளாஸ்டிக் டப்பியில் அடைத்து, இந்தக் கட்டடத்துக்குள் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கிறது. பிளாக் என்பது அதுதான். அவளுடைய சதை. அதைத் திருப்பிக் கேட்க அவளுக்கு அறுபத்து மூன்றாம் எண் டோக்கன்.

முப்பத்தொன்பது. பரவாயில்லை, வம்சாவளி முடிந்தது. கைப்பையில் அந்த ரிப்போர்ட் இருக்கிறது, வழவழ காகிதம், வண்ண அச்சு, நீர்க்குறி. காகிதத்தில் மட்டும் இவர்கள் குறை வைப்பதில்லை. புற்று அணுக்கள் எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே டாக்டர் ப. நமச்சிவாயம், எம்.டி. பேத்தாலஜி, பதிவு எண், கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்த அன்றே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் கேடு. ந-வின் வால் நீண்டு போய் ய-வை ஏந்திக்கொண்டு திரும்புகிற, படித்த, நிதானமான கையெழுத்து. தமயந்தி முப்பத்தோரு வருஷம் கையெழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவள். வேறொரு ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம், எதற்கெடுத்தாலும் வழக்குப் போடுகிற நிறுவனம்) சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகவே ஓய்வு பெற்றாள். துபாயில் ஒருவனுக்கு வேலை என்றால் அவன் பட்டம் நிஜம்தானா என்று அங்கிருந்து கடிதம் வரும். பதிவேட்டை எடுத்து, எண் சரி, பெயர் சரி, பட்டம் சரி, ஆண்டு சரி என்று சிவப்புப் பென்சிலால் நான்கு சரிக்குறி போட்டு, உண்மைத்தன்மைச் சான்று அனுப்புவார்கள். உண்மைக்கு எதற்குத் தனியாக ஒரு தன்மை என்று சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறாள். படிவத்தில் அப்படித்தான் இருக்கு, போடுங்க என்றார்கள். போட்டாள். முப்பத்தோரு வருஷம் போட்டாள். ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று அவள் செய்த முதல் காரியம், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றதல்ல. மாநில மருத்துவக் கழகத்தின் பதிவேட்டைக் கணினியில் திறந்து நமச்சிவாயத்தின் எண்ணைத் தட்டியது. ஒரே தட்டில் வந்தார். எண் சரி. பெயர் சரி. பட்டம் சரி. ஆண்டு சரி. ரிப்போர்ட்டின் ஓரத்தில் நான்கு சிவப்புச் சரிக்குறி, இப்போதும் இருக்கின்றன, பல்லை இளித்துக்கொண்டு. அதோடு விட்டாளா. ஓய்வூதியர் காப்பீட்டுக்காரர்களின் பட்டியலில் இந்த நிலையம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. பட்டியலில் டாக்டர் பெயர் இருக்கிறதா, இருந்தது. அதற்குப் பிறகு சர்ஜன் இக்பாலிடம் போய் உட்கார்ந்தபோது, அந்த மனுஷன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டியை மறுபடியும் தொட்டுப் பார்த்து, பேப்பர் நல்லாத்தான் இருக்குதும்மா, என் கைக்குத்தான் பிடிக்கல, ஸ்லைடை இன்னொரு பேத்தாலஜி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருங்க என்று சொன்னார். தெளிவாகச் சொன்னார். அதற்கு இவள் என்ன சொன்னாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "நானே சரிபார்த்துட்டேன் சார், அவர் ஜெனுவின்" என்று சொன்னாள். இவளே சரிபார்த்தாளாம். டாக்டர் சிரிக்காமல் இருந்ததற்கு அவருக்குக் கோயில் கட்ட வேண்டும். ஆறு வாரம். ஒரு எண்ணும் ஒரு பெயரும் ஒரு பட்டமும் ஒரு ஆண்டும் சரியாக இருந்ததால் மார்பிலிருந்த கட்டியும் சரியாக இருக்கிறது என்று ஆறு வாரம் ஊறுகாய் போட்டாள், கார்த்திகைக்கு விளக்குத் துலக்கினாள், நாகபுரியில் இருக்கிற தம்பிக்குப் போன் செய்து ஒண்ணும் இல்லையாம்டா என்று சொன்னாள். உலகத்தில் வேறு எந்த முட்டாளும் செய்யமாட்டாள். படிக்காத பொம்பளையாக இருந்திருந்தால் மறுநாளே நாலு பேரிடம் அழுது, ஐந்தாவது ஆள் சொன்ன இடத்துக்குப் போய் ஸ்லைடைக் காட்டியிருப்பாள்.

நாற்பத்து நான்கு. திடீரென்று ஐந்து எண்கள் தாவிவிட்டன. டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருக்க முடியாமல் போனவர்கள். அவர்கள் போய் எங்கே பார்ப்பார்கள், இதே கடையின் இன்னொரு கிளையிலா. கட்டி வலிக்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. வலிச்சா நல்லதும்பாங்களே என்று யாரோ சொன்னதை நாலு நாள் பிடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, மேலப்புதூரில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஸ்லைடு பார்த்துச் சொல்கிற ஒரு அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்று காலை அங்கே போனாள். போவதற்கு முன்னால் அவரையும் பதிவேட்டில் தேடினாள் என்பதை நினைத்தால் தன்னையே ஒரு அறை விட வேண்டும் போலிருக்கிறது. நமச்சிவாயம் ஒரே தட்டில் வந்தவர். டாக்டர் சூசன்னா ஜெபமணி மூன்று தட்டுக்குப் பிறகு, தகப்பன் பெயரின் முதலெழுத்து தப்பாக, வேண்டாவெறுப்பாக வந்தார். எழுபத்து நாலு வயது. ஜன்னலோரம் சாப்பாட்டு மேசைமேல் மைக்ராஸ்கோப், அதற்குக் குரோஷா பின்னல் உறை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பட்டச் சான்றிதழ் மாட்டியிருந்தது. தமயந்தியின் கண் தன்னிச்சையாக அதன் முத்திரையைத் தேடிப் போனதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார். "என்ன, சரிபாக்குறியா? பாத்துக்க. அப்படியே நாடியையும் பிடிச்சுப் பாத்துக்க, உயிரோட இருக்கேனான்னு." அதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோய் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், எந்தத் தேதியில எடுத்தது இது என்று கேட்டார். புரட்டாசி என்றாள். ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். "நமச்சிவாயம் போயி ஒரு வருஷம் நாலு மாசம் ஆச்சு. உறையூர்ல அவரு வீட்டுக்கு நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன்." அப்படியானால் இதில் கையெழுத்துப் போட்டது? கம்ப்யூட்டர்ல வச்சிருப்பாங்க, படம் மாதிரி, ஒட்டிக்கிட்டே இருப்பாங்க என்றார். ஸ்லைடை யார் பார்த்தது? யாரோ பாத்திருப்பாங்க. டெக்னீஷியன் பாத்திருப்பான். பாக்காமலும் இருந்திருப்பான். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் கோபமே இல்லை, அது தமயந்திக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ரிப்போர்ட்டை நீங்களே பார்த்து ஏதாவது சொல்லுங்களேன் என்று கெஞ்சியதற்குத்தான், "இந்தப் பேப்பரை வச்சு நான் என்ன பண்ண, வடாம் காயப்போடவா? பிளாக்கைக் கொண்டா" என்று பதில் வந்தது. பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது, பட்டம் வாங்கிய தேதி இருக்கிறது, பதிந்த தேதி இருக்கிறது. செத்த தேதிக்குக் கட்டமே இல்லை. யாராவது போய்ச் சொன்னால்தான் நீக்குவார்கள். யார் போய்ச் சொல்வார்கள்? பெண்டாட்டி பிள்ளைகள் காரியம் முடித்துவிட்டு முதல் வேலையாக மருத்துவக் கழகத்துக்கு மனுப் போடுவார்களா? இது அவளுக்குத் தெரியாதா? காகிதம் நிஜம் என்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமில்லை என்பது அந்தப் பிரிவில் முதல் வாரமே தெரிந்துவிடும். தெரிந்த ஒன்றை ஆறு வாரம் தெரியாமல் இருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அவசரமாக, இழுப்பறை திறப்பதுபோல் கிறீச்சிட்டது. அதை மூடினாள்.

"டீச்சருங்களா?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. லால்குடிப் பக்கத்து அம்மாள். மடியில் மஞ்சப்பை, பைக்குள் புருஷனின் சிறுநீர்ப் பாட்டில், பாட்டிலுக்குரிய புருஷன் வாசலில் நின்று பீடி குடிக்கிறான். இல்லை என்றாள் தமயந்தி. "பாத்தா டீச்சர் மாதிரியே மொறைக்கிறீங்க, அதான் கேட்டேன்." இதற்கு இனிக்க இனிக்கப் பதில் சொல்ல வேண்டும். சிரித்து வைத்தாள், அது சிரிப்பாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை, அந்த அம்மாள் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். என்ன டெஸ்ட், எத்தனை நாளா, கூட யாரும் வரலியா என்று அடுத்தடுத்துக் கேள்வி. கூட யார் வருவார்கள். தம்பியைக் கூப்பிட்டால் வருவான். ஒண்ணும் இல்லைன்னியே என்பான். அதற்குப் பயந்துதான் கூப்பிடவில்லை, நோய்க்குப் பயந்தல்ல. பேச்சிலிருந்து தப்பிக்கப் போனை எடுத்தாள், எடுத்த கையோடு காப்பீட்டுக்காரர்களுக்கே அடித்தாள். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, பிறகு நாதஸ்வரம், பிறகு உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், மறுபடி நாதஸ்வரம். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு நேரம் வாசிக்கமாட்டார்கள். கடைசியில் ஒரு பையன் குரல், வார்த்தைக்கு வார்த்தை மேடம். அவள் நிதானமாகச் சொன்னாள்: ஸ்லைடை மறுபடி பார்க்கச் சர்ஜன் சொல்லியிருக்கிறார், உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு டாக்டரிடம் காட்டப் போகிறேன், அவர் சொல்வதை வைத்து ஆபரேஷனுக்கு அனுமதி கொடுப்பீர்களா. காப்பீடு இல்லாமல் அந்த ஆபரேஷன் அவளுக்கு நடக்காது. அதனால்தான் குரலில் அவ்வளவு நிதானம். கொடுப்போம் மேடம், ஆனா முதல்ல டெஸ்ட் எடுத்த லேப்லேர்ந்து பிளாக்கும் ஸ்லைடும் கொடுத்ததுக்கு லெட்டர் வேணும், அதுல ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட அதே டாக்டரோட முத்திரை இருக்கணும், வேற டாக்டர் முத்திரை இருந்தா சிஸ்டம் எடுத்துக்காது. "தம்பி, அந்த டாக்டர் இறந்துட்டார்." பையன் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இல்ல மேடம், எங்க சிஸ்டம்ல ஆக்டிவ்னு காட்டுது." இறந்து ஒரு வருஷம் நாலு மாசம் ஆச்சு தம்பி என்றாள். அவன் மறுபடியும் தட்டினான். அந்தப் பையனைப் பாராட்டத்தான் வேண்டும், ஒரு கிழவியின் பேச்சைக் கேட்டு ஒரு மனிதரை இரண்டு தடவை தேடிப் பார்த்தான். "பதிவேட்டோட சரிபார்த்துத்தான் மேடம் போட்டிருக்கோம். நம்பர், பேரு, டிகிரி எல்லாம் கரெக்டா இருக்கு." வருஷத்தை விட்டுட்டியே என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு ஏதாவது உதவி வேணுமா மேடம் என்றான். லால்குடி அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யாருங்க செத்துட்டாங்க என்றாள். தெரிஞ்சவங்க என்றாள் தமயந்தி.

ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. எண் நகர நகர, தொண்டையில் வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. காலையில் ஆட்டோவிலேயே தயார் செய்துவிட்டாள், எழுவாய் பயனிலையோடு: செத்தவர் கையெழுத்தில் உயிரோடிருப்பவளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த இந்தக் காகிதத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அவர் இருக்கிற இடத்துக்கேவா? நல்ல வாக்கியம். சொல்ல முடியாத வாக்கியம். கௌண்டருக்குப் பின்னால் ஒரு பெண், இருபத்து மூன்று வயது இருக்கும், மார்பில் சுபிக்ஷா என்று பெயர்ப் பட்டை. அவளிடம் சொல்லி என்ன, அவள் பின்னால் இருக்கிற கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவனிடம் சொல்ல வேண்டும், அவன் கோயம்புத்தூரில் இருப்பான், அவனுக்குப் பின்னால் ஒருவன் மும்பையில். இவர்கள் எல்லாருமே ஒவ்வொரு காகிதத்தைச் சரிபார்த்திருப்பார்கள். தரச்சான்றிதழ்க்காரன் மைக்ராஸ்கோப்பைச் சரிபார்த்திருப்பான், காப்பீட்டுக்காரன் தரச்சான்றிதழைச் சரிபார்த்திருப்பான், அவள் காப்பீட்டுக்காரனின் பட்டியலைச் சரிபார்த்தாள். அந்த மூன்று துணுக்குச் சதையைத்தான் யாரும் பார்க்கவில்லை. பாவிகள். அதெப்படி மனசு வருகிறது, ஒரு மனுஷர் செத்து எரிந்து சாம்பலைக் காவிரியில் கரைத்த பிறகு, இழுப்பறையைத் திறந்து... இழுப்பறை. பழுப்பு நிற மேசை, இடது பக்கம் மேலிருந்து இரண்டாவது, மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு கிறீச்சென்றுதான் திறக்கும். சரி, திறந்தே விட்டது, இனி மூடி என்ன. அவள் வேலை பார்த்த பிரிவின் கண்காணிப்பாளர் வேதமூர்த்தி சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அடுத்த ஆள் வருவதற்கு ஆணை வர நாற்பத்து மூன்று நாள் ஆயிற்று. கடிதங்களோ வந்துகொண்டே இருந்தன, துபாய், கத்தார், மலேசியா. பிள்ளைகள் வராந்தாவில் வந்து நின்றார்கள், விசா முடிந்துவிடும் என்று ஒருவன் தூணில் சாய்ந்து அழுதான். நிற்காம போகட்டும் அம்மா, நீங்க பாத்துக்குங்க என்று பதிவாளர் வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை, அவருக்கா தெரியாது. வேதமூர்த்தியின் கையெழுத்து முத்திரை அந்த இழுப்பறையில், ஊதா மைத்தட்டோடு, அவர் வைத்த இடத்தில் இருந்தது. போட்டாள். முதல் வாரம் பதிவேட்டைத் திறந்து நான்கும் பார்த்துவிட்டுப் போட்டாள். இரண்டாவது வாரம் எண்ணையும் பெயரையும் மட்டும். மூன்றாவது வாரம் காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முப்பத்தோரு வருஷத்தில் வேறு எந்த நாளிலும் செய்யாத ஒன்றை அந்த நாற்பத்து மூன்று நாளும் செய்தாள், அதாவது செய்யாமல் விட்டாள்: மேலதிகாரியின் முத்திரைக்குப் பக்கத்தில், சரிபார்த்த ஆள் யார் என்று தெரிவதற்காக உதவியாளர் போடுகிற சுருக்கொப்பம், ஒரு சின்ன த, ஒரு தேதி. அதைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு, இது வேறு. அது காகிதம், இது சதை. அவர்கள் காசுக்குச் செய்கிறார்கள், அவள் பிள்ளைகளுக்காகச் செய்தாள். எல்லாம் சரிதான். அந்தக் காகிதங்களில் ஒன்று நர்ஸ் பட்டயமாக இருந்திருக்காது, பாலம் கட்டுகிறவனுடையதாக இருந்திருக்காது என்று யார் சொன்னது. கோபம் தணியும் என்று எதிர்பார்த்தாள். தணியவில்லை, அவளுக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டு இன்னும் உக்கிரமாக எரிந்தது. லால்குடி அம்மாள் தன் எண் வந்து எழுந்துகொண்டாள். போகிறபோது, எல்லாம் நல்லதாவே வரும், வர்றேன் டீச்சர் என்றாள்.

அறுபத்து மூன்று. எழுந்ததும் கால் மரத்திருந்தது. ஏசியில் உட்கார்ந்தே உறைந்துபோனது கால் மட்டும்தான். கௌண்டரில் சுபிக்ஷா நிமிர்ந்து பார்த்து, சொல்லுங்க மா என்றாள். பிளாக்கும் ஸ்லைடும் வேணும்மா, வேற டாக்டர்ட்ட காட்டணும்னு சர்ஜன் சொல்லியிருக்கார் என்று தமயந்தி சொன்னாள், இனிக்கவில்லை, ஆனால் கசக்கவும் இல்லை. தன் குரலை அடுத்த வீட்டுக்காரியின் குரல்போல் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வரவில்லை. தொலைஞ்சுபோச்சு என்று வரப்போகிறாள். கழுவிவிட்டோம் என்று வரப்போகிறாள். மூன்று மாதம்தான் வைத்திருப்போம் என்று எங்கோ பொடியெழுத்தில் போட்டிருக்கும், பொடியெழுத்தை மட்டும் அவள் படிக்காமல் விட்டிருப்பாள். பிறகு கதவு திறந்தது. ஒரு காக்கி உறையைப் பிரித்து அந்தப் பெண் கௌண்டரில் வைத்தாள்: இளஞ்சிவப்பு நிற டப்பி, தீப்பெட்டியில் பாதி, அதற்குள் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் கொசு நசுக்கியது போல் மூன்று கோடு. இவ்வளவுதானா. அறுபத்தொரு வருஷம் சோறு போட்டு வளர்த்ததில் இவ்வளவுதான் பேசப் போகிறதா. கூடவே இரண்டு கண்ணாடிச் சில்லுகள், ஊதாவும் ரோஜாவுமாக, யாரோ குங்குமக் கையால் தொட்டதுபோல். டப்பி ஓரத்தில் எழுதியிருந்த எண்ணை ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். சரி. சரி என்றதும் தன்மேல் சிரிப்பு வந்தது. சுபிக்ஷா ஒரு படிவத்தை நீட்டினாள், காப்பீட்டுக்காரன் கேட்ட லெட்டர் இதுதான். நோயாளி கையொப்பம், தேதி. அதற்குக் கீழே ஒரு கட்டம், நோய்க்குறியியல் மருத்துவர் கையொப்பம், முத்திரை. தமயந்தி தன்னுடையதை முழுக்கையெழுத்தாகப் போட்டாள். டாக்டர் இருக்காரா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் வருவாருங்க என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் குனிந்து இழுப்பறையை இழுத்தாள். அதுவும் கிறீச்சென்றது. எல்லா இழுப்பறையும் ஒரே தச்சன் செய்தது போலிருக்கிறது. மரப்பிடி வைத்த கையெழுத்து முத்திரை. மைத்தட்டில் பட்டும் படாமலும் ஒற்றி, படிவத்தில் பட்டும் படாமலும் வைத்தாள். நமச்சிவாயத்தில் நம மட்டும் விழுந்தது. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் நுனி ஊதாவாக இருந்ததைத் தமயந்தி பார்த்தாள். ஒரு நாளில் வருகிற கறை அல்ல அது, மாதக்கணக்கில் ஏறியது, ஷாம்பு போட்டுத் தேய்த்தால்தான் போகும், அதுவும் முழுசாகப் போகாது. அந்த அழகான வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொன்னால் படிவத்தை இழுத்துக்கொள்வார்கள், மேலே யாரையோ கேட்க வேண்டும் என்பார்கள், டப்பி உள்ளே போகும். நம என்று மட்டும் விழுந்த முத்திரையைக் காப்பீட்டுக்காரனின் சிஸ்டம் எடுத்துக்கொள்ளாது. "இங்க் ஒட்டலம்மா. ரப்பர் காஞ்சிருக்கு. குடு இப்படி." சுபிக்ஷா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வெளியாளுங்க தொடக்கூடாதுங்க மா." "நான் வெளியாள் இல்லம்மா" என்றாள் தமயந்தி. அதை எந்தக் குரலில் சொன்னாளோ, முத்திரை கைக்கு வந்தது. ரப்பரில் வாயால் ஒரு ஊது, மைத்தட்டில் நாலு மூலையும் படும்படி இரண்டு ஒற்று, மணிக்கட்டை வளைக்காமல், தோளிலிருந்து எடையை இறக்கி ஒரே அழுத்து. இடதிலிருந்து வலதுக்கு லேசாக ஒரு சாய்ப்பு. நேரே மேலே தூக்கு. ந-வின் வால் ய-வை ஏந்திக்கொண்டு திரும்புகிற இடம்வரை முழுதாக, பளிச்சென்று விழுந்தது. உயிரோடிருந்த நாளில்கூட அந்த மனிதருக்கு இவ்வளவு நன்றாக விழுந்திருக்காது. நல்லா வருதே மா என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே. நீ டாக்டரைப் பாத்திருக்கியா என்று கேட்டாள் தமயந்தி. "நான் சேந்து எட்டு மாசந்தாங்க ஆவுது." முத்திரையை வாங்கி இழுப்பறைக்குள் போட்டாள். அதற்கு மேல் தெரியாதா, சொல்லக் கூடாதா, முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தமயந்தி பேனாவை மூடவில்லை. முத்திரைக்கு வலப்பக்கம், வழக்கமான இடத்தில், சின்னதாக ஒரு த, அதன் கீழே இன்றைய தேதி. போட்டாள். சுபிக்ஷா எட்டிப் பார்த்தாள். "இது யாரு போட்டதுன்னு கேட்டா என்னங்க சொல்றது?" "உயிரோட இருக்கறவ போட்டதுன்னு சொல்லு." டப்பியையும் கண்ணாடிகளையும் படிவத்தின் நகலையும் உறைக்குள் வைத்து, உறையைக் கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. மேலப்புதூருக்கு ஆட்டோ கேட்டு ஏறி உட்கார்ந்த பிறகுதான், உயிரோட இருக்கறவ என்று சற்று முன் சொன்ன அந்த விவரத்தை இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.